கொல்லைக்கும் ஒரு கணக்கு

(கூட்டமைப்பின் ஆண்டுப் பேரவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால பேசினவங்க இந்த வருஷம் எத்தனை குழுவுக்கு வங்கிக் கடன் கிடைச்சது, எத்தனை பேர் தவணை தவறாமக் கட்டினாங்கன்னு எல்லாம் சொன்னாங்க. கேக்கச் சந்தோஷமா இருந்துச்சு. என்னை "கொல்லையும் சமையலும்" பத்திப் பேசச் சொன்னாங்க. மேடையில பேசுற விஷயமா இதுன்னு நீங்க நினைக்கலாம். கடன், சந்தா, வட்டிக்கு நோட்டு இருக்கு. கொல்லைக்கும் அடுப்பங்கரைக்கும் நோட்டு இல்ல. நோட்டுல ஏறாத வேலை கண்ணுக்குத் தெரியாமப் போயிருது. அதனாலதான் இதையும் மேடையில பேச வேண்டியிருக்கு.

சேமிப்பு அடுப்பங்கரையில பிறந்தது

நம்ம மதுரைப் பக்கத்துல 1990-ல பெண்கள் சேமிப்புக் குழு தொடங்கினப்ப அதுக்கு வச்ச பேரு என்ன? களஞ்சியம். வங்கின்னு வைக்கல, நிதி நிறுவனம்னு வைக்கல. வீட்டுல நெல்லும் கம்பும் கொட்டி வைக்கிற இடத்தோட பேரை வச்சாங்க. அந்தக் களஞ்சியத்துல வளர்ந்தவங்கதான் அழகர்கோயில் பக்கம் புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அம்மா. கூலி வேலைக்குப் போன பொம்பளை. 2001-ஆம் வருஷம் டில்லியில அவுகளுக்கு விருது கொடுத்தப்ப, பிரதமரா இருந்த வாஜ்பாய் அவுக காலைத் தொட்டு வணங்கினாரு. 2019-ல பத்மஸ்ரீ விருதும் வந்துச்சு. அரசாங்கத்துப் பக்கம் பார்த்தா, 1989-ல தருமபுரியில தொடங்கின குழுத் திட்டந்தான் பிறகு மதுரைக்கும் வந்து, மகளிர் திட்டமா மாநிலம் முழுக்கப் பரவுச்சு.

ஆனா அதுக்கெல்லாம் முந்தியே நம்ம அப்பத்தா, அம்மாச்சி காலத்துல சேமிப்பு இருந்துச்சு. உலையில அரிசியைப் போடுறதுக்கு முன்னால ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில போட்டு வச்சாங்க. ஆளுக்குத் தெரியாம அஞ்சறைப்பெட்டிக்குள்ள காசு போட்டு வச்சாங்க. சுரை விதையையும் பூசணி விதையையும் சாண வறட்டியில பதிச்சுச் சுவத்துல தட்டி வச்சாங்க. அடுத்த ஆடிக்கு அதை எடுத்து ஊனினாங்க. சந்தா கட்டுறதுக்கு முன்னாடியே நமக்குச் சேமிக்கத் தெரியும். அதைச் சொல்லிக்கொடுத்தது கொல்லையும் அடுப்பும்.

தவணை தவறல, சாப்பாடு தவறியிருக்கு

இப்ப ஒரு கணக்கு சொல்றேன், கவனமாக் கேளுங்க. 2019 முதல் 2021 வரைக்கும் நாடு முழுக்க எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு இருக்கு. அதுல நம்ம தமிழ்நாட்டுல 15 வயசுல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்கள்ல நூத்துக்கு 53 பேருக்கு ரத்தசோகை. அதுக்கு முந்தின கணக்கெடுப்புல 55. அஞ்சாறு வருஷத்துல இம்புட்டுத்தான் குறைஞ்சிருக்கு. நீங்க உட்கார்ந்திருக்கிற வரிசையை ஒரு தடவை திரும்பிப் பாருங்க. பத்துப் பேர் இருந்தா அஞ்சு பேருக்கு உடம்புல ரத்தம் போதல.

எங்க பக்கத்துக் குழுவுல ஒரு தங்கச்சி. பேரு வேணாம். ரெண்டு முருங்கை, ஒரு அகத்தி, பாத்தி நிறைய அரைக்கீரை. காலையில அம்புட்டையும் கட்டுக் கட்டி வித்துருவா. அந்தக் காசுலதான் வாரத் தவணை. வீட்டுக்கு உருளைக்கிழங்கும் பாக்கெட் அப்பளமும். குழு நோட்டைப் புரட்டினா அவ பேருல ஒரு சிவப்புக்கோடு கிடையாது. ஒரு நாள் மருத்துவ முகாம்ல ரத்தம் எடுத்துப் பார்த்தா 7.8. பன்னிரண்டு இருக்கணும். கர்ப்பிணிக்குக்கூட 11 இருக்கணும். எட்டுக்குக் கீழ போனா கடுமையான ரத்தசோகைன்னு டாக்டர்மார் சொல்றாங்க. படி ஏறினா மூச்சு வாங்குது, தலை சுத்துது, எப்பப் பார்த்தாலும் அசதி. "வயசாகுதுல்லக்கா"ன்னு சொன்னா. அவளுக்கு வயசு 36.

அவ ஒரு தவணைகூடத் தவறல. சாப்பாடுதான் தவறியிருக்கு. நம்ம நோட்டு அதைக் காட்டல. நோட்டு மேல தப்பு இல்ல, நாம அதுல எழுதல.

நம்ம குழுக்களுக்கு முன்னால பஞ்ச சூத்திரம் சொன்னாங்க. கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிக் கட்டுறது, கணக்கு எழுதுறது. இப்ப தச சூத்திரம்னு பத்தாக்கி, அதுல ஆரோக்கியம், சத்துணவு, சுகாதாரத்தையும் சேர்த்திருக்காங்க. முதல் அஞ்சும் நமக்கு மனப்பாடம். ஆறாவதைத்தான் நாம இன்னும் கூட்டத்துல எடுக்கல.

எந்த மண்ணுல என்ன வைக்கலாம்

கொல்லைன்னதும் ரெண்டு குழி நிலம் வேணும்னு பயப்படாதீங்க. ஒரு சென்ட்டுங்கிறது 435 சதுர அடி. அதுல கால்வாசி இடம் இருந்தாலே ஒரு குடும்பத்துக்குக் கீரையும் கொடிக்காயும் வந்துரும்.

மண்ணைப் பார்த்து வைங்க. திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கம் கரிசல். மழையில தண்ணி நிக்கும், கோடையில வெடிக்கும். அங்க பாத்தியை மேடாக்கி நடணும். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் செம்மண். தண்ணி நிக்காம ஓடிரும். அங்க பாத்தியைத் தாழ்வா எடுத்து, மேல காய்ஞ்ச சருகு, கரும்புத் தோகை, வைக்கோல் எதையாவது மூடாக்குப் போடணும். நம்ம பக்கத்துக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில. அதுக்குள்ள செடி வேர் பிடிச்சிருக்கணும். அதனாலதான் ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்லி வச்சாங்க.

ஆடியில அவரை, பீர்க்கு, புடலை, பாகல், சுரை, வெண்டை, கொத்தவரை. அவரைக்குப் பந்தல் போட்டா மார்கழிப் பனியில பூத்துத் தையில காய்க்கும். பொங்கலுக்குக் கடைக்குப் போக வேண்டியதில்ல. தைப்பட்டத்துல கத்தரி, தக்காளி, வெள்ளரி. கீரை வருஷம் பூரா வரும். சித்திரை வெயில்ல மட்டும் கிழக்கு வெயில் பட்டு மேற்கு வெயில் படாத இடமாப் பார்த்து விதைங்க. பழைய சேலையை மேல கட்டி விட்டாலும் போதும். அதே சேலை கோழிக்கும் ஆட்டுக்கும் வேலி. கொஞ்சம் இடம் உள்ளவங்க கிளுவைக் குச்சி ஊனினா அது உயிர்வேலி.

முருங்கைக்கு நம்ம பக்கத்துலயே நல்ல ரகம் இருக்கு. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில 1989-ல வெளியிட்ட பி.கே.எம்.-1 முருங்கை. விதை போட்டு ஆறு மாசத்துல காய்க்கும். செடி மூணடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டா பக்கக்கிளை விட்டுக் கைக்கெட்டுற உயரத்துல நிக்கும். கீரை பறிக்க ஏணி வேணாம், ஆளும் வேணாம். காய்ப்பு முடிஞ்சதும் மூணடி விட்டு வெட்டிவிட்டா மறுபடியும் துளிர்க்கும்.

தண்ணிக்கு என்ன செய்யன்னு கேப்பீங்க. குடத்துக்குக் காத்துக் கிடக்கிற வீட்டுல தோட்டத்துக்குத் தண்ணி ஏதுன்னு கேக்குறது நியாயமான கேள்விதான். பாத்திரம் கழுவின தண்ணியையும் குளிச்ச தண்ணியையும் வாழைக்கும் கல்வாழைக்கும் விடுங்க. துணி துவைச்ச சோப்புத் தண்ணியைக் கீரைப்பாத்திக்கு விட வேணாம். அரிசி களைஞ்ச தண்ணி, காய் அலசின தண்ணி இருக்கே, அது கீரைக்குத் தாராளமாப் போதும். கருவேப்பிலைக்கு அப்பப்ப புளிச்ச மோரைத் தண்ணி கலந்து ஊத்துங்க, இலை கருகருன்னு வரும்.

அவரைக் கொழுந்துல அசுவிணி அடைச்சா, காலையில பனி ஈரம் இருக்கிறப்பவே அடுப்புச் சாம்பலைத் தூவுங்க. மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்பும் கரைச்சுத் தெளிக்கலாம். கடைமருந்து அடிச்ச காயை மறுநாளே பறிச்சுப் பிள்ளைக்கு ஆக்கிப் போடுறதுக்கு நமக்குக் கொல்லை எதுக்கு?

இன்னொண்ணு, இதைச் சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. கொல்லைக்குப் போறப்ப செருப்புப் போட்டுப் போங்க. ஈர மண்ணுல இருக்கிற கொக்கிப்புழு பாதம் வழியாத்தான் உடம்புக்குள்ள ஏறும். ஏறிக் குடல்ல உட்கார்ந்து ரத்தத்தை உறிஞ்சும். ரத்தம் ஊறட்டும்னு கீரை போட்டுட்டு, வெறுங்காலோட நடந்து இருக்கிற ரத்தத்தையும் விடலாமா?

நிலம் இல்லாதவங்க என்ன செய்யிறது

செல்லூர், ஜெய்ஹிந்துபுரம், வில்லாபுரத்துல ஒத்தை ரூம் வாடகை வீட்டுல இருக்கிற தங்கச்சிங்க இங்க நிறைய வந்திருக்கீங்க. உங்களுக்குக் கொல்லை கிடையாது, தெரியும். வாசப்படியோரம் ரெண்டு சிமெண்ட் சாக்கு வைக்க இடம் இருந்தா வைங்க. அடியில நாலு ஓட்டை போட்டு, செம்மண், மட்கின சாணி எரு, தென்னைநார்க் கழிவு மூணையும் சம அளவு கலந்து நிரப்புங்க. ஒண்ணுல அரைக்கீரை, ஒண்ணுல மணத்தக்காளி. அரைக்கீரையை வேரோட பிடுங்காம அறுத்து எடுத்தா மறுபடி மறுபடி தழையும். மாடி இருந்து வீட்டுக்காரர் சம்மதிச்சா, தோட்டக்கலைத் துறை மானிய விலையில மாடித்தோட்டப் பையும் விதையும் கொடுத்து வந்திருக்காங்க. உங்க பகுதி அலுவலகத்துல கேட்டுப் பாருங்க. நனைஞ்ச மண் கனம். பழைய ஒட்டு மாடியில பாரத்தை ஏத்தாதீங்க.

அதுக்கும் வழியில்லாதவங்களுக்கு ஒரு யோசனை. கிராமத்துக் குழுவுல உள்ளவங்க கொல்லையில மிச்சமாகிற கீரை, காய், கருவேப்பிலையைக் கூட்டத்து நாள்ல ஒரு கூடையில கொண்டு வரட்டும். மாட்டுத்தாவணிக்கும் பரவைக்கும் மூட்டை கட்டிப் போற அளவுக்கு இருக்காது, சரி. ஆனா கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வர்ற நகரத்து உறுப்பினர் வாங்கிட்டுப் போகலாம்ல? விக்கிறவளும் நம்மவ, வாங்குறவளும் நம்மவ. அங்கன்வாடிப் பக்கத்துல, பள்ளிக்கூடத்துல சும்மா கிடக்கிற இடம் இருந்தா, குழுவாச் சேர்ந்து ஊராட்சியில எழுதிக் கேளுங்க. ஒருத்தி கேட்டா "பார்ப்போம்"பாங்க. தீர்மானம் போட்டுக் கேட்டா பதில் சொல்லித்தான் ஆகணும்.

மெதுவா வெந்த சோறு

இப்ப அடுப்புக்கு வருவோம். கொடியடுப்பு ஞாபகம் இருக்கா? முன் அடுப்புல உலை கொதிக்கும், அந்த அனல் போய்ப் பின்னால இருக்கிற கொடியில பருப்போ குழம்போ மெல்ல வெந்துக்கிட்டு இருக்கும். ஒரு விறகுல ரெண்டு வேலை. மொச்சையும் கருவாடும் போட்ட குழம்பு, கொள்ளு ரசம், ஆட்டுக்கால் சாறு, ஆத்துல தண்ணி வந்தா அயிரை மீன் குழம்பு. எல்லாமே அவசரப்படாம வெந்தாத்தான் ருசி. முதல் நாள் வச்ச மீன் குழம்பு மறுநாள் இன்னும் ருசின்னு நமக்குத் தெரியும்.

நம்ம பக்கத்துச் சாப்பாடே தண்ணியைப் பார்த்து வந்ததுதான். 1895-ல முல்லைப் பெரியாறு அணையைக் கட்டித் தண்ணி இந்தப் பக்கம் வந்த பிறகுதான் மேலூர் வரைக்கும் நெல்லு பெருகுச்சு. தண்ணி எட்டாத வானம் பார்த்த காட்டுல குதிரைவாலி, கம்பு, சோளம், கேப்பைன்னு வாழ்ந்தோம். கம்பை இடிச்சுப் புளிக்க வச்சுக் காய்ச்சிக் கூழாக் குடிச்சோம். கம்புல இரும்புச் சத்து, கேப்பையில சுண்ணாம்புச் சத்து. புளிக்க வைக்கிறதும், பயறை ஊற வச்சு முளைகட்டுறதும் வெறும் பழக்கம் இல்ல. தானியத்துல இருக்கிற இரும்பை உடம்பு எடுத்துக்க விடாம ஒரு பொருள் தடுக்கும். ஊறவும் புளிக்கவும் அது குறையும். நம்ம பாட்டிமார் அதைச் சோதனைச்சாலையில கண்டுபிடிக்கல, ஆனா தவறாமச் செஞ்சாங்க.

அதே மாதிரி ரெண்டு மூணு விஷயம் சொல்றேன். கீரையை மசிச்சு இறக்கினதும் எலுமிச்சை பிழிஞ்சுக்குங்க, இல்ல கூட ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ சாப்பிடுங்க. புளிப்புல உள்ள சத்து கீரையில இருக்கிற இரும்பை உடம்புல சேர்க்கும். சாப்பிட்ட கையோட டீ குடிக்காதீங்க, டீ அந்த இரும்பைச் சேர விடாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிங்க. கீரை வெந்த தண்ணியைக் கொட்டாதீங்க. கறி எடுக்கிற வீட்டுல ஈரலோ சுவரொட்டியோ வாங்கினா, வயசுக்கு வந்த பிள்ளைக்கும் பிள்ளை பெத்தவளுக்கும் முதல்ல வைங்க. மதுரையில கறிக்கடைக்காரரைக் கேட்டாலே சொல்வாரு, சுவரொட்டி யாருக்குன்னு.

ஆனா ஒண்ணையும் தெளிவாச் சொல்லிர்றேன். ரத்தம் 7, 8-ன்னு இறங்கினவங்களுக்குக் கீரை மட்டும் போதாது. டாக்டரைப் பார்க்கணும், கொடுக்கிற மாத்திரையைத் தொடர்ந்து போடணும். மாத்திரை போட்டா வயித்தைப் பிரட்டுது, மலம் கருப்பாப் போகுதுன்னு பாதியில நிறுத்தாதீங்க. கருப்பாப் போறது இரும்பு மாத்திரையால, பயப்பட வேண்டியதில்ல. பிரட்டினா நர்சம்மாக்கிட்டச் சொல்லி நேரத்தை மாத்திக்கலாம்.

அது யாரோட நேரத்துல வெந்தது?

விறகடுப்புல சமைச்ச சோறு மாதிரி வருமான்னு டிவியில பேசுறாங்க. ஓட்டல்ல மண்சட்டிச் சாப்பாடுன்னு போர்டு வச்சுக் கூடக் காசு வாங்குறாங்க. பேசுறவங்க யாரும் அந்தப் புகையில உட்கார்ந்து ஊதினவங்க இல்ல. ஊதினவ நம்ம ஆத்தா. கண்ணு எரிஞ்சதும் நெஞ்சு அடைச்சதும் அவளுக்கு. ருசி மட்டும் எல்லாருக்கும். அதனால பழசெல்லாம் திரும்பி வரணும்னு நான் சொல்ல வரல. கேஸ் அடுப்பு நல்லது, குக்கரும் நல்லது. ராத்திரியே பயறை ஊறப் போட்டு, கொதி வந்ததும் தீயைக் குறைச்சு மூடி போட்டு வச்சா கேஸும் மிச்சம், குழம்பும் மெதுவாத்தான் வேகும். புகையும் வேணாம், அந்தக் காலத்து அடிமைத்தனமும் வேணாம்.

2019-ல மத்திய அரசு புள்ளியியல் அலுவலகம், யார் யார் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறாங்கன்னு கணக்கு எடுத்தாங்க. ஒரு நாள்ல சம்பளம் இல்லாத வீட்டு வேலையில கை வச்ச பொம்பளைங்க நூத்துக்கு 81 பேர். ஆம்பளைங்க 26 பேர். அப்படிக் கை வச்சவங்கள்லயும் பொம்பளைக்கு ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆம்பளைக்கு 97 நிமிஷம். 299 நிமிஷம்னா அஞ்சு மணி நேரத்துக்கு ஒரு நிமிஷம் குறைவு. இதுல பிள்ளையைப் பார்க்கிறது, படுத்த மாமியாரைப் பார்க்கிறது சேராது. அது தனிக் கணக்கு.

2023-ல மகளிர் உரிமைத் தொகை மாசம் ஆயிரம் ரூபாய் கொடுக்க ஆரம்பிச்சப்ப, இது உதவித்தொகை இல்ல, பெண்களோட கூலியில்லா உழைப்புக்கு அங்கீகாரம்னு அரசாங்கமே சொல்லுச்சு. அரசாங்கம் ஒத்துக்கிட்டதை நம்ம வீட்டுல ஒத்துக்கிட்டாங்களா?

இதே மதுரை சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளிக்கூடத்துலதான் 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி வச்சாங்க. இன்னைக்கு எத்தனையோ பள்ளிக்கூடத்துல நம்ம குழுப் பெண்கள்தான் அந்தப் பிள்ளைகளுக்கு உப்புமாவும் பொங்கலும் சாம்பாரும் செய்யிறாங்க. பெருமையான விஷயம். அங்க போய்ச் சமைச்சா அது வேலை, அதுக்குச் சம்பளம் உண்டு. அதே பொங்கலை வீட்டுல செஞ்சா அதுக்குப் பேரே இல்ல. விடியக்காலம் அம்புட்டுப் பிள்ளைகளுக்கும் ஆக்கிப் போடுற தங்கச்சிமாரே, உங்களைக் கேக்குறேன். நீங்க காலையில என்ன சாப்பிட்டீங்க? எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?

பதில் வேணாம். எனக்குத் தெரியும். ஒரு டம்ளர் டீ.

நம்ம வீட்டுல ஆளு சாப்பிட்டு, பிள்ளைக சாப்பிட்டு, மாமியார் மாமனார் சாப்பிட்டு, கடைசியா சட்டியை வழிச்சுத் தின்னுறோம். கறி தீர்ந்திருக்கும், குழம்பு மிஞ்சும். கீரை தீர்ந்திருக்கும், ரசம் மிஞ்சும். அதையும் "எனக்குக் குழம்பே போதும்"னு பெருமையாச் சொல்லிக்கிறோம். நூத்துக்கு 53 பேருக்கு ரத்தம் இல்லாமப் போனதுக்கு எத்தனையோ காரணம் இருக்கும். அதுல ஒரு காரணம் அந்த வழிச்ச சட்டி.

ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுங்க. ராத்திரி ஒரு வேளையாவது. சட்டியை நடுவுல வச்சு எல்லாரும் சுத்தி உட்கார்ந்தா, என்ன இருக்குங்கிறது எல்லாருக்கும் தெரியும், பங்கும் தானா வரும். வீட்டுல சண்டை போட்டுத்தான் இதைச் செய்யணும்னு இல்ல. "எனக்கு ரத்தம் கம்மின்னு டாக்டர் சொல்லிட்டாக, நானும் உங்ககூடவே உட்காருறேன்"னு சொல்லி உட்காருங்க. ரெண்டு நாள் முறைப்பாக. மூணாவது நாள் பழகிரும்.

வேலையையும் பங்கு போடுங்க. கொல்லைக்குத் தண்ணி விடுறது பையனோட வேலை. பொண்ணுக்கு மட்டும் கொடுத்துராதீங்க, அவ படிக்கட்டும். கீரை ஆயறது, வெங்காயம் உரிக்கிறது, முருங்கை உருவுறது எல்லாம் டிவி முன்னால உட்கார்ந்துக்கிட்டே செய்யக்கூடிய வேலை. அதுக்கு ஆம்பளை கை, பொம்பளை கைன்னு வித்தியாசம் கிடையாது. பங்கு போடாமக் கொல்லையை மட்டும் ஆரம்பிச்சீங்கன்னா, அந்த 299 நிமிஷத்தை 350 ஆக்கிக்கிட்டீங்கன்னு அர்த்தம். அதுக்கு இந்தப் பேச்சே வேணாம்.

நோட்டுல ஒரு பக்கம்

கடைசியா, நான் கேட்டு வந்தது இதுதான். நம்ம குழு நோட்டுல கொல்லைக்குன்னு ஒரு பக்கம் ஒதுக்குங்க.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரத்துக்கு நாலு கட்டுக் கீரை, கட்டு 15 ரூபாய்னு வச்சா 60. அரைக்கிலோ அவரையோ கத்தரியோ 30. கருவேப்பிலை, மல்லி 10. ஆக வாரம் நூறு ரூபாய். வருஷம் பூரா வராது, கோடையில குறையும். முப்பது வாரம்னே வைங்க. 3,000 ரூபாய். மாசம் நூறு ரூபாய் சந்தான்னா வருஷத்துக்கு 1,200. உங்க கொல்லை உங்க சந்தாவைப் போல ரெண்டரை மடங்கு சேமிச்சுக் கொடுத்திருக்கு. வாங்காமத் தப்பிச்ச காசு கையில தெரியாது, அதனாலதான் எழுதச் சொல்றேன். எழுதிப் பார்த்தா வீட்டுல நீங்க சும்மா இருக்கல, சம்பாதிக்கிறீங்கன்னு உங்களுக்கே தெரியும். அடுத்து வீட்டுல உள்ளவங்களுக்கும் தெரியும்.

அந்தப் பக்கத்துல நாலு கட்டம் போதும். இந்த வாரம் கொல்லையில எடுத்தது என்ன. அதுல வித்தது எவ்வளவு, வீட்டுல ஆக்கினது எவ்வளவு. வீட்டு ஆட்களோட சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது எத்தனை வேளை. கடைசியாப் பார்த்த ரத்த அளவு எவ்வளவு. எழுத வராத அக்காமாருக்கு எழுதத் தெரிஞ்ச தங்கச்சி எழுதட்டும், சந்தாவுக்கு எழுதுற மாதிரியே.

இந்தப் பேரவையில நாலு தீர்மானத்தை முன்வைக்கிறேன். தலைவி அவர்கள் இதை ஓட்டுக்கு விடணும்னு கேட்டுக்கிறேன்.

ஒண்ணு, வர்ற ஆனி மாசக் கடைசிக் கூட்டத்துல எல்லாக் குழுவும் விதை மாத்திக்கிறது. யார்கிட்ட நாட்டு அவரை இருக்கு, யார்கிட்ட குட்டைப் புடலை இருக்குன்னு நமக்குள்ளதான் தெரியும். ஒரு கைப்பிடி கொடுத்தா ஒரு கைப்பிடி வாங்கிக்கலாம். ஆடி முதல் வாரத்துல எல்லா வீட்டுலயும் விதை மண்ணுக்குள்ள இருக்கணும்.

ரெண்டு, பறிக்கிற கீரையில முதல் பங்கு வீட்டுச் சட்டிக்கு. மிஞ்சினதுதான் விலைக்கு. தவணைக்கு நெருக்கடின்னா குழுவுல சொல்லுங்க, உள்கடன் எதுக்கு இருக்கு? ரத்தத்தை வித்துத் தவணை கட்ட வேண்டியதில்ல.

மூணு, வருஷத்துக்கு ரெண்டு தடவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ நகர்ப்புறச் சுகாதார மையத்துக்கோ குழுவாப் போய் ரத்தம் பார்த்துக்கிறது. தனியாப் போனா வேலை வந்துரும், குழுவாப் போனா போயிருவோம். பத்துக்குக் கீழ இருக்கிற உறுப்பினர் பேரைச் சத்தம் போட்டுப் படிக்க வேணாம். ஊக்குநர் தனியாக் கூப்பிட்டு, மாத்திரை போடுறாளான்னு மாசாமாசம் விசாரிக்கட்டும்.

நாலு, கொல்லைப் பக்கத்தை மூணு மாசத்துக்கு ஒரு தடவை கூட்டமைப்புல தொகுத்துப் படிக்கிறது. அடுத்த வருஷ ஆண்டறிக்கையில எத்தனை கோடி கடன்னு போடுற அதே தாள்ல, எத்தனை கொல்லை, எத்தனை பேருக்கு ரத்தம் 12-க்கு மேல ஏறியிருக்குன்னும் போடணும்.

நம்ம சின்னப்பிள்ளை அம்மா குழு தொடங்கின காலத்துல, பொம்பளைக்கு எதுக்கு வங்கிக் கணக்குன்னு கேட்டவங்க உண்டு. இன்னைக்கு வங்கி மேலாளர் நம்ம மேடையில உட்கார்ந்திருக்காரு. கொல்லைக்கு எதுக்குக் கணக்குன்னு இன்னைக்குச் சிரிக்கிறவங்களும் இருப்பாங்க. சிரிக்கட்டும். நாம எழுதுவோம்.

மணி ஒண்ணாகப் போகுது. பந்தி ரெடியா இருக்கு. சமைச்ச தங்கச்சிமாரையும் கூப்பிட்டு நம்மகூடவே முதல் பந்தியில உட்கார வைங்க. பரிமாற ஆள் வேணும்னா, வந்திருக்கிற ஆம்பளைங்க அஞ்சாறு பேர் எந்திரிச்சு வரட்டும். இன்னைக்கே ஆரம்பிச்சிருவோம்.